சீக்கிரம் முடிச்சிட்டு எழுந்து வா!

டேனரி நாட்களைப் பற்றியும் லாங் பஜார் கடைகளைப் பற்றியும் எழுதிக்கொண்டிருந்த கிழவனுக்குத் திடீரென்று வீடியோ கேமில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. கோட்டை மைதானத்தில் காலையில் என்னோடு நடக்கிற நண்பர், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், போன வாரம் ஒரு தீர்ப்புச் சொன்னார்.

"அந்த மரியோ கேமு இன்னா சார்? இந்த முனையில இருந்து அந்த முனைக்கு எவ்ளோ சீக்கிரம் ஓடறோம்ன்றதுதான். அதுல நின்னு சுத்திப் பாக்க இன்னா கீது? முடிச்சிட்டு எழுந்து வரணும், அவ்ளோதான்."

அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் சண்டை ஆகியிருக்கும். ஏனென்றால் இதே வார்த்தையை இதே தொனியில் 1995-ல் சொன்னவன் நான். அது தப்பு என்று இந்தக் கோடை விடுமுறையில்தான் புரிந்தது. வாத்தியாருக்கு இங்கே பதில் சொல்கிறேன். அவர் படிப்பார்.

1995 தீபாவளி போனஸில் மகனுக்கு ஒரு டிவி கேம் வாங்கிக் கொடுத்தேன். லாங் பஜாரில்தான். சாமுராய், லிட்டில் மாஸ்டர் என்றெல்லாம் பெயர் போட்டு அப்போது விற்றார்கள். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ல் வெளியிட்ட ஃபேமிகாம் என்ற பெட்டியைப் பார்த்து மற்றவர்கள் செய்த நகல்கள் அவை. கூடவே மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். அதன் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்தது பத்துப் பதினைந்து கேம்தான், அதுவே திரும்பத் திரும்ப வரும். கணக்கு எழுதிப் பிழைத்தவனை இப்படி ஏமாற்றிவிட்டார்களே என்று எனக்கு எரிச்சல். பையனுக்குக் கவலையே இல்லை. அவனுக்கு மரியோ ஒன்று போதும்.

சட்டம் நான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும், ஒரு மணி நேரம் மட்டும். சுவர்க் கடிகாரத்துக்குக் கீழே நாற்காலி போட்டு 'ஹிந்து' படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நாற்பதாவது நிமிடத்திலிருந்து குரல் கொடுக்க ஆரம்பிப்பேன். "சீக்கிரம் முடிடா, முடிச்சிட்டு எழுந்து வா." அந்தப் பெட்டியில் நடுவில் நிறுத்திச் சேமித்து வைக்க வழி கிடையாது. ஸ்விட்சை அணைத்தால் அடுத்த ஞாயிறு மறுபடி முதலிலிருந்துதான். கரண்ட் போனாலும் அதே கதி. நம்ம ஊர் கரண்டைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

வீட்டில் பெட்டி இல்லாத பையன்களுக்கு பஜாரை ஒட்டிய சந்தில் ஒரு கடை இருந்தது. இரண்டு டிவி, ஒரு மர பெஞ்சு. அரை மணிக்கு 5 ரூபாய். நேரம் முடிந்தால் கடைக்காரர் கையிலிருந்து பிடுங்கிவிடுவார். ஆக, எல்லாப் பையன்களுக்கும் தலைக்கு மேலே ஒரு கடிகாரம். வீட்டில் அப்பன், கடையில் காசு.

இப்போது அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் என் வாதம் நிற்கும். பேரன் பேத்தி உள்ளவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

'சூப்பர் மரியோ பிரதர்ஸ்' 1985-ல் வந்தது. மீசைக்காரக் குழாய் மேஸ்திரி ஒருவன் இடமிருந்து வலமாக ஓடுகிறான், தாவுகிறான். மொத்தம் 8 உலகம், உலகத்துக்கு 4 கட்டம், ஆக 32 கட்டம். முதல் கட்டத்தில் மேலே ஒரு கடிகாரம் 400-லிருந்து இறங்கும். அது நொடி இல்லை. ஒவ்வொரு எண்ணும் கிட்டத்தட்ட 0.4 நொடிதான், எனவே 400 என்பது 160 நொடி. முதல் கட்டத்தை ஓடத் தெரிந்தவன் அரை நிமிடத்தில் முடித்துவிடுவான். அப்படியானால் மீதி இரண்டு நிமிடம் எதற்கு? வாத்தியாரே, கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். ஓடுவதற்கு மட்டும்தான் அந்த விளையாட்டு என்றால் 100 கொடுத்தால் போதாதா?

அந்த இரண்டு நிமிடம் நின்று பார்க்கக் கொடுத்தது. அதே சமயம் முடிவே இல்லாமலும் கொடுக்கவில்லை. 100-க்குக் கீழே இறங்கினால் பாட்டு வேகமெடுக்கும், வயிற்றைக் கலக்கும். இன்னொரு கறாரும் உண்டு. திரை வலப்பக்கம்தான் நகரும், விட்டு வந்த இடத்துக்குத் திரும்பிப் போக முடியாது. கடந்தால் கடந்ததுதான். அதனால் எங்கே நிற்பது, எங்கே ஓடுவது என்று ஒவ்வொரு அடியிலும் பிள்ளையே முடிவு பண்ண வேண்டும். மிச்சம் வைத்த நேரத்துக்கு மார்க்கும் உண்டு.

முதல் கட்டத்திலேயே ஒரு பச்சைக் குழாய் இருக்கிறது. சும்மா தாண்டிப் போகலாம். அதன் மேல் நின்று கீழ்ப் பொத்தானை அழுத்தினால் உள்ளே இறங்கிவிடும். நிலவறை, வரிசையாகக் காசு. அதை அள்ளிக்கொண்டு வெளியே வந்தால் கட்டத்தின் கடைசிப் பகுதிக்கு அருகில் நிற்போம்! அதாவது, நின்று குழாயைக் குடைந்து பார்த்தவனுக்குக் காசும் கிடைத்தது, குறுக்கு வழியும் கிடைத்தது. அவசரமாகத் தாண்டினவன் சுற்றுவழியில் போகிறான். இதைச் செய்த ஷிகெரு மியாமோட்டோ கியோட்டோ பக்கம் ஒரு சின்ன ஊரில் வளர்ந்தவர். சிறுவயதில் கையில் விளக்கோடு குகைக்குள் போய்ப் பார்த்த கதையைப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்தக் குழாயைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது.

இனி என் தப்புக்கு வருகிறேன்.

இரண்டாவது கட்டம் சுரங்கம். அதில் செங்கல் கூரையின் மேலே ஏறி, வெளியேறும் குழாயையும் தாண்டி நடந்தால் ஒரு ரகசிய அறை வரும். அங்கே மூன்று குழாய்கள், மேலே 4, 3, 2 என்று எண்கள். எந்தக் குழாயில் இறங்குகிறோமோ அந்த உலகத்துக்குப் போய்விடலாம். சந்துக்கடைப் பையன் ஒருவன் இதை என் மகனுக்குச் சொல்லிக் கொடுத்தான். அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அவன் நேராக 4-ல்தான் இறங்குவான். ஒரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டுமே! 4-ஆம் உலகத்தின் இரண்டாம் கட்டத்தில் இன்னொரு ரகசியம், அங்கிருந்து நேராக 8. 8-ல் உயிர்கள் எல்லாம் போய்விடும். "ஆச்சு, எழுந்து வா." இப்படியே இரண்டு வருடம். கடைசிவரை அவன் அந்த விளையாட்டை முடிக்கவே இல்லை.

இந்த மே மாதம் பெங்களூரிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தான். பேத்திக்கு ஒன்பது வயது. அவள் கையில் இருக்கும் புதுக் கருவியிலும் அதே பழைய மரியோ இருக்கிறது. அவள் ஆடுவதை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒவ்வொரு குழாய் மேலும் ஏறி உட்காருகிறாள். ஒன்றும் இல்லாத இடத்தில் எல்லாம் எகிறித் தலையால் முட்டுகிறாள். அப்படி முட்டியதில் முதல் கட்டத்திலேயே கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்து வைத்திருந்த ஓர் உயிர்க்காளான் கிடைத்தது. என் மகனுக்கு அது அங்கே இருப்பதே தெரியாது. அவன் சோபாவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நேரா போம்மா, நேரம் போவுது பாரு, மேல ஏறு, அங்க ஒரு ரூம் இருக்கு" என்று விரட்டிக்கொண்டே இருந்தான். எனக்குச் சுருக்கென்றது. அது என் குரல்.

அந்த அறைக்கு வந்துவிட்டாள். "நாலுல எறங்கு" என்றான்.

"மூணுல என்ன இருக்குப்பா?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "தெரியாதும்மா. நான் போனதே இல்ல."

கணக்குப் போட்டால், அந்த வழியில் போகிறவன் பார்ப்பது 32-ல் 8 கட்டம். நாற்பது வயது ஆளுக்குப் பக்கத்துக் குழாயில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. அன்று ராத்திரி அவனே போனில் தேடிப் பார்த்துவிட்டு என் அறைக்கு வந்தான். 3-ஆம் உலகத்தின் முதல் கட்டம். இருட்டு வானம். கடைசியில் ஒரு படிக்கட்டு, அதில் ஆமை இறங்கி வருகிறது. சரியான படியில் நின்று அதன் ஓட்டின் மேல் குதித்தால் ஓடு படியில் மோதி மோதித் திரும்பி வரும். மரியோ அங்கேயே குதித்துக்கொண்டிருப்பான். முதலில் மார்க் ஏறும், அப்புறம் ஒவ்வொரு குதிக்கும் ஓர் உயிர். கடிகாரம் ஓடும்வரை அள்ளலாம். (பேராசைப்பட்டு 127-ஐத் தாண்டினால் அடுத்த சாவோடு ஆட்டமே முடிந்துவிடுமாம். அங்கேயும் ஒரு கணக்கு!) 8-ஆம் உலகத்தில் அவனுக்கு எது போதாமல் போயிற்றோ அது அங்கே கொட்டிக் கிடந்திருக்கிறது. அவன் இறங்கின குழாய்க்குப் பக்கத்துக் குழாயில்.

"இது தெரிஞ்சிருந்தா முடிச்சிருப்பேன்பா" என்றான். குறையாகச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத் தூக்கம் வரவில்லை.

வாத்தியார் விட மாட்டார், தெரியும். இந்த விளையாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை 5 நிமிடத்துக்குள் முடிக்கிறவர்கள் இருக்கிறார்களே என்பார். இருக்கிறார்கள், வீடியோவில் நானும் பார்த்தேன். அசந்துபோனேன். ஆனால் 4-லிருந்து 8-க்குத் தாவுகிற இடத்தைக் கவனியுங்கள். வெறும் காற்றில் முட்டினால்தான் அங்கே கண்ணுக்குத் தெரியாத கட்டைகள் முளைக்கும். அதன் மேல் ஏறி ஒரு செங்கல்லை முட்டினால்தான் கொடி கிளம்பும். அந்தக் கொடியில் ஏறினால் 8-க்குப் போகிற குழாய். வேகமாகப் போகிறவன் யாராவது காற்றில் முட்டுவானா? என்றைக்கோ ஒரு வேலையற்ற பையன் முட்டியிருக்கிறான். அவன் சுற்றி அலைந்ததன் வட்டியில்தான் இவர்கள் ஓடுகிறார்கள்.

எங்கள் டேனரியில் செலக்ஷன் பார்க்கிற பாய் ஒருவர் இருந்தார். தோலை மேசையில் விரித்துக் கையால் ஒரு தடவு தடவுவார், கழுத்துப் பக்கம் ஒரு பார்வை, 'ரெண்டு', 'நாலு', 'ரிஜெக்ட்' என்று தரம் சொல்லித் தள்ளிக்கொண்டே இருப்பார். ஒரு தோலுக்குச் சில நொடிதான். புதிதாக வந்த மேனேஜர் ஒருவர் எல்லாரும் இந்த வேகத்தில் பார்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். போட்ட மாதமே சரக்கு திரும்பி வந்தது. பாய் பத்து வருஷம் ஒவ்வொரு உண்ணிக் கடியையும் முள் கீறலையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தவர் என்பது அந்த மேனேஜருக்குத் தெரியவில்லை. நான் என் வீட்டில் அந்த மேனேஜராக இருந்திருக்கிறேன்.

சரி, மரியோவை விடுங்கள். வேகத்துக்கென்றே பெயர் போன விளையாட்டு சோனிக், 1991-ல் சேகா கம்பெனி விட்டது. நீல முள்ளெலி சீறிக்கொண்டு ஓடும். அதிலும் ஒரு கட்டத்துக்கு 10 நிமிட கெடு வைத்திருக்கிறார்கள். பறக்கிறவனுக்கு ஒரு நிமிடம் போதும், அதுவே அதிகம். சீக்கிரம் முடித்தால் மார்க் கொட்டும். ஆனால் 50 வளையம் சேர்த்து முடித்தால்தான் கடைசியில் பெரிய வளையம் வரும், அதில் குதித்தால்தான் மரகதம் தேடுகிற இடம் திறக்கும். ஆறு மரகதமும் சேராவிட்டால் கதை நல்லபடியாக முடியாது. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு ஓடினால் நேராக முள்ளில் போய் விழுவோம். மேல்பாதை விரைவு, தவறினால் கீழ்ப்பாதை மெதுவு. வழி தெரிந்த பிறகுதான் மேலேயே நிற்க முடியும். மாலை ஆறு மணிக்கு லாங் பஜாரில் சுண்ணாம்புக்காரத் தெருப் பக்கம் எப்படி நழுவுவது, நேதாஜி மார்க்கெட் பக்கம் எப்படி வெளியே வருவது என்று தெரிந்தவன் கூட்டத்தில் இடிபடாமல் போகிறான் இல்லையா, அந்த மாதிரி. அவனும் ஒருகாலத்தில் அந்தச் சந்துகளில் வெட்டியாகத் திரிந்தவன்தான்.

கடிகாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பேத்தியின் கருவியில் நடுவில் சேமித்து வைக்கலாம், விழுந்தால் பின்னுக்கும் ஓட்டலாம். அது எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கெடு இல்லாமல் சுற்றினால் கொஞ்ச நேரத்தில் கொட்டாவி வருகிறது, அவளுக்கே வந்தது. கடிகாரம் வேண்டும். ஆனால் விளையாட்டுக்கு உள்ளே இருந்த கடிகாரத்தை வைத்தவர் எவ்வளவு ஓட வேண்டும், எவ்வளவு நிற்க வேண்டும் என்று யோசித்து வைத்தார். வெளியே சுவரில் நான் வைத்த கடிகாரத்துக்கு அந்த யோசனை இல்லை. அதற்கு நான் சொன்ன பெயர் 'டிசிப்ளின்'. ஒரு மணிக்குப் பதில் இரண்டு மணி கொடுத்திருந்தால் அவன் இன்ஜினியர் ஆகாமல் போயிருப்பானா?

வாத்தியார் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வரட்டும். அவர் கையில் கருவியைக் கொடுத்து முதல் கட்டத்தை ஆடச் சொல்கிறேன். அப்புறம் வாதம் பண்ணலாம்.

அவர்கள் கிளம்புகிற நாள், காட்பாடியில் சாயங்கால ரயில். வாசலில் பெட்டியெல்லாம் எடுத்து வைத்தாகிவிட்டது. பேத்தி அந்தப் படிக்கட்டில் நின்றுகொண்டு ஆமையை விட்டுவிட்டுப் பிடிக்கிறாள், சரியாக அமையவே இல்லை. மகன் செருப்புக் காலோடு தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னும் ஒரு படி கீழ நில்லு" என்கிறான். என் மனைவி உள்ளேயிருந்து, "ரயிலுக்கு நேரமாவுதுங்க, சொல்லுங்க அதுங்ககிட்ட" என்று இரண்டு தடவை குரல் கொடுத்தாள். நான் வெளியே போய் ஆட்டோக்காரரிடம் இன்னும் பத்து நிமிஷம் நில்லுப்பா, வெயிட்டிங் போட்டுத் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.