பழி சுமந்த கெக்கரிக்காய்

நோய் பரவுமிடத்து மாந்தர் உள்ளத்தில் இரு வினாக்கள் எழுகின்றன. நோய்க்குக் காரணம் யாது என்பது ஒன்று; குற்றவாளி யார் என்பது மற்றொன்று. முதலாவதற்குத் தக்க விடை காணுமுன் இரண்டாவதற்கு விடை கூறுதல் பெருந்தீங்கு பயக்கும் என்பதே எமது கருத்து. 2011ஆம் ஆண்டில் ஜேர்மனி நாட்டில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும்.

அவ்வாண்டு மே மாதத்தில் அந்நாட்டின் வடபாகத்திற் பலர் குருதி கலந்த வயிற்றுப்போக்கினால் வருந்தினர். அவருட் பலர்க்குச் சின்னாட்களிற் சிறுநீரகம் பழுதுற்றது. ஈ-கோலி என்னும் பற்றீரியாவின் ஒரு வகை தோற்றுவிக்கும் நஞ்சு, நுண்ணிய குருதிக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றது. அங்கே குருதி உறைந்து அடைப்பு உண்டாகின்றது, அவ்வழிச் செல்லும் செங்குழியங்கள் சிதைகின்றன, சிறுநீரகம் செயலிழக்கின்றது. பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றுவதாக அறியப்பட்ட இந்நோய், அம்முறை வளர்ந்தோரையே, அவருள்ளும் பெண்களையே, மிகுதியாகப் பற்றியது. 800க்கு மேற்பட்டோர் இந்நிலையை எய்தினர். அக்கொள்ளை நோயில் 50க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

மே 26ஆந் திகதி ஹம்பேர்க் நகர அதிகாரிகள் ஸ்பெயின் தேசத்துக் கெக்கரிக்காயைக் காரணமாகச் சுட்டினர். அக்காயில் ஈ-கோலி காணப்பட்டது உண்மை. ஆயின் அது நோய் விளைத்த வகையன்று என்பது சில நாட்களில் வெளியாயிற்று. அதற்கிடையில் வாங்குவாரின்றி விளைவு அழுகியது. ஐரோப்பிய ஒன்றியம் பல நாட்டுக் காய்கறிச் செய்கையாளர்க்கு 21 கோடி யூரோ ஈடாக ஒதுக்க நேர்ந்தது.

மெய்க் காரணம் வெந்தய முளை. உணவின்மேற் சிறிதளவாகத் தூவப்பட்ட அதனை உண்டோரிற் பலர் நினைவிற் கொண்டிலர். ஆகவே ஆய்வாளர் ஓர் உணவகத்தில் உண்டோர் எவ்வெவ் வுணவைப் பெற்றனர் என ஆராய்ந்து, அவ்வுணவுகளிற் சேர்ந்த பொருள்களைச் சமையற்காரரிடம் கேட்டறிந்தனர். நினைவு மறந்ததைச் சமையற்குறிப்பு காட்டிற்று. யூன் 10ஆந் திகதி உண்மை அறிவிக்கப்பட்டது. விதை எகிப்திலிருந்து வந்ததென்பதும் பின்னர்ப் புலனாயிற்று.

உயிர்கள் மடியும் வேளையில் ஆய்ந்து கொண்டிருத்தல் தகுமோ என வினவுவாருமுளர். எச்சரித்தல் வேண்டும், அதில் ஐயமில்லை. ஆயின் ஐயத்தை ஐயமென்றும், துணிந்ததைத் துணிந்ததென்றும் பிரித்துரைத்தல் எச்சரிக்கையைக் குறைக்காது. அதன்மீது மக்கள் வைக்கும் நம்பிக்கையையே வளர்க்கும். பிழையான பொருளைச் சுட்டியபோது மக்கள் அதனைத் தவிர்த்தனர். நோய் தந்த முளையைத் தவிர்க்க அவ்வறிவிப்பு உதவவில்லை.

மாணவர்காள்! நாளை உங்களுட் சிலர் வைத்தியராவீர், சிலர் அதிகாரிகளாவீர், சிலர் பத்திரிகை நடத்துவீர். ஒரு சொல்லால் ஓர் உழவனின் வாழ்வு கெடலாம் என்பதை மறவாதீர். பொறுமையுடன் தேடுவதும் உயிர் காக்கும் தொண்டே.