வேரில் இரண்டு எழுத்து

மனுகாவில் எமது தெருவில் வாழும் மூதாட்டி ஒருவர் பார்வையை இழந்து நான்கு ஆண்டுகளாகின்றன. கணினித் திரையிலுள்ளதை ஒலியாக்கித் தரும் திரைவாசிப்பான் என்னும் மென்பொருளே இன்று அவருக்குக் கண். எமது சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் அறிவித்தல்களைப் பழைய மாணவன் ஒருவன் இணையப் பக்கமாக அமைத்தபோது, அதனைக் கேட்க முதலில் ஆவல் கொண்டவர் அவரே. ஆனால் தமிழ் எதுவும் சொல்லாக வரவில்லை. திகதிகளின் இலக்கங்கள் மாத்திரம் ஆங்கிலத்தில் ஒலித்தன. "மாஸ்டர், உங்கட பக்கத்தில ஒண்டும் எழுதேல்லையோ?" என்று அவர் கேட்டார். எம்மிடம் விடை இருக்கவில்லை.

கலைப் பட்டதாரிகளாகிய நாம் இவ்விடயத்தில் மாணவனுக்கே மாணவரானோம். இணையப் பக்கம் என்பது குறிகளால் அமைந்த ஒரு மரம். வேர் மேலே இருக்கும் தலைகீழ் மரம். ஆவண வகையை அறிவிக்கும் முதல் வரி நீங்கலாக, யாவும் எச்.டி.எம்.எல் எனும் பெயருடைய ஒரே உறுப்புக்குள் அடங்கும். அதுவே வேர். அதிலிருந்து தலை, உடல் என இரு கிளைகள் பிரியும். தலையில் பக்கத்தின் தலைப்பும் எழுத்துக் குறிமுறையும் இருக்கும். நாம் காண்பன உடலில் இருக்கும். வேர்க்குறியை எழுத மறந்தாலும் உலாவி தானே ஒன்றை உண்டாக்கிக்கொள்ளுமாம். ஆயின் பக்கம் எம்மொழியினது என்பதை எழுதியவரே கூறல் வேண்டும். கூறுமிடம் வேர்க்குறியிலுள்ள 'லாங்' என்னும் பண்பு. தமிழுக்கு டி, ஏ. ஆங்கிலத்துக்கு ஈ, என். 1987இல் இந்நாட்டின் அரசகரும மொழியான மாவோரிக்கு எம், ஐ. வேரிற் கூறியது கிளைகள் அனைத்துக்கும் செல்லும். இடையே மாவோரிச் சொற்றொடர் வரின் அதற்கு மாத்திரம் தனிக்குறி இடலாம்.

மாணவன் எடுத்தாண்ட மாதிரிப் படிவத்தில் ஆங்கிலக் குறி முன்னரே இடப்பட்டிருந்தது. அவன் அதனைக் கவனிக்கவில்லை. கண்ணால் பார்ப்பவருக்கு எக்குறையும் தெரியாதல்லவா?

முன்னர் குறை கண்ணுக்கே தெரிந்தது. பாமினி எழுத்துருவில் 'தமிழ்' என்பது ஜே, கே, ஓ, பி முதலான விசைகளின் கூட்டமே. எழுத்துரு இல்லாத கணினியில் அவ்வாங்கில எழுத்துகளே தோன்றும். யூனிக்கோட் வந்தபின் எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் எழுத்து வேறு, மொழி வேறு. இங்கு வந்த புதிதில், படிவமொன்றில் எமது தாய்மொழியைத் தவறாகப் பதிந்துவிட்டார்கள். எமக்கு விளங்காத மொழி பேசும் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் வந்து எதிரே அமர்ந்திருந்தார். திரைவாசிப்பானுக்கு நேர்ந்ததும் அதுவே.

பக்கத்தின் மொழியைக் குறித்தல், உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2008இல் வெளியிட்ட அணுகல் வழிகாட்டியில் அடிப்படை நிலை விதியாகும். பிள்ளைகள் பக்கங்கள் அமைக்கும் வீடுகளில் பெற்றோர் இதனைச் சோதிக்கலாம். கொன்ட்ரோல் விசையுடன் யூ எழுத்தை அழுத்தினால் பெரும்பாலான உலாவிகளில் பக்கத்தின் மூலம் தோன்றும். மேலுள்ள இரண்டொரு வரிகளைப் பார்த்தாற் போதும்.

மூதாட்டி பயன்படுத்துவது, பார்வையற்ற ஒருவர் 2006இல் அவுஸ்திரேலியாவில் தொடங்கிய என்.வி.டி.ஏ என்னும் இலவச மென்பொருள். அதனுடன் வரும் குரல் தமிழும் அறியும். குறியைக் கண்டு தானே மொழி மாறும். மாணவன் இரண்டு எழுத்துகளை மாற்றிய அன்று மாலை அவர் அறிவித்தல் முழுவதையும் கேட்டார். பின்னர் தொலைபேசியில் எம்மை அழைத்து, அந்தக் குரலின் ழகரம் சரியில்லை என்று நெடுநேரம் குறைபட்டுக்கொண்டார்.