முதல் வாரம் யாருடையது?

அம்பாறை மாவட்டத்துக் கரையோரத்தின் வடகோடியில் இருக்கிறது பெரியநீலாவணை. இங்கிருந்து கல்முனையைத் தாண்டித் தெற்கே போனால் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். மட்டக்களப்பு வீதியால் வடக்கே போனால் வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம். இரண்டுமே பஸ்ஸில் போய்வரும் தூரம். அப்படியிருந்தும், வெட்டுப்புள்ளி வெளியாகும் நாளில் இந்த ஊர் வீடுகளில் ‘என்ன கோர்ஸ் கிடைத்தது?’ என்று கேட்ட வாயால் ‘அங்கே ரேகிங் எப்படியாம்?’ என்றும் கேட்கிறார்கள். தமிழ் வீடானாலும் முஸ்லிம் வீடானாலும் அந்தக் கேள்வி ஒன்றுதான்.

பதிவு நாளன்று எந்த வளாகத்தின் வாசலில் நின்று பார்த்தாலும் அந்தப் பயத்தின் காரணம் விளங்கும். வாடகை வேனிலிருந்து சுருட்டிய மெத்தை இறங்கும். பிளாஸ்டிக் வாளி, தலையணை, பிஸ்கட் டின், சில நாளைக்குப் பழுதாகாமல் இருக்கட்டும் என்று உம்மா பொரித்துக் கொடுத்த சம்பல் போத்தல் எல்லாம் இறங்கும். பிறப்புச் சான்றிதழும் கிராம சேவகர் சான்றிதழும் பாடசாலை விடுகைப் பத்திரமும் அடங்கிய ஃபைலைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி பிள்ளை நிற்கும். மண்டபத்துக்குள் போனால் துணைவேந்தர் உரை, பீடாதிபதி உரை, பதிவாளர் உரை, நூலகர் உரை, கடைசியாக ஒழுக்காற்று விதிகள். பின்நேரமாகும்போது வேன் புறப்பட்டுவிடும். இராச் சாப்பாடு எங்கே, நாளைக் காலை எந்தக் கட்டடத்துக்குப் போவது என்று கேட்க உத்தியோகத்தர் எவரும் அங்கே இருக்கமாட்டார். சீனியர் இருப்பார்.

பகிடிவதையின் பலம் முழுவதும் அந்த ஒரு மாலைப்பொழுதில் இருக்கிறது. குறிப்புகள், பழைய வினாத்தாள்கள், எந்த விரிவுரையாளர் எப்படிப் புள்ளி போடுவார் என்ற விபரம், அறை, நண்பர் கூட்டம், போதாக்குறைக்கு ஒரு பட்டப்பெயர் என்று புதியவருக்குத் தேவையான எல்லாம் சீனியரின் கையில் இருக்கின்றன. அதற்கு அவர் கேட்கும் விலைதான் வேறு. இந்த நிறச் சட்டைதான் உடுக்க வேண்டும், இந்தப் படியால் ஏறக்கூடாது, கூப்பிட்ட நேரம் வர வேண்டும் என்று தொடங்குவது எங்கே போய் நிற்கும் என்பது புதியவருக்கும் தெரியாது, சில வேளை சீனியருக்கும் தெரியாது. வரவேற்கும் வேலையை நிர்வாகம் கைவிட்டது, வேறு ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள். பகிடிவதையை ஒழுக்கப் பிரச்சினையாக மட்டும் பார்க்கிறவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான்.

தண்டனைச் சட்டத்துக்குக் குறைவில்லை, அது வந்த கதை இது. 1975இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவி ரூபா ரத்னசீலி பகிடிவதைக்குத் தப்ப விடுதி மாடியிலிருந்து குதித்து, நடக்க முடியாதவரானார். 1997இல் அதே பேராதனையின் பொறியியல் பீடத்தில் தமிழ் மாணவர் வரப்பிரகாஷ், சீனியர்கள் செய்வித்த கடும் உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அடுத்த ஆண்டே 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பகிடிவதைக்கு இரண்டு ஆண்டுவரை கடூழியச் சிறை, பாலியல் தொந்தரவோ கடுங்காயமோ நேர்ந்தால் பத்து ஆண்டுவரை. சட்டத்துக்கு இப்போது கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. அப்படியிருந்தும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் யுனிசெஃப்பும் சேர்ந்து அரச பல்கலைக்கழகங்களில் நடத்திய ஆய்வில், மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் வாய்மொழித் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நாலில் ஒருவர் அளவில் உடல்ரீதியான வன்முறையையும் சொன்னார்கள்.

இது இலங்கைக்கு மட்டும் வந்த நோயில்லை. பெரியநீலாவணையிலிருந்து ஒலுவிலுக்குப் போகும் பஸ் காரைதீவைக் கடந்துதான் போகும். அந்தக் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தர் 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராகப் போய் அமர்ந்தார். அதே அண்ணாமலை வளாகத்து மருத்துவக் கல்லூரியில்தான் 1996இல் முதலாம் ஆண்டு மாணவர் நாவரசு சீனியர் ஒருவரால் கொலை செய்யப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். துணைவேந்தர் வீட்டுப் பிள்ளைக்கே அந்தக் கதியென்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. தமிழ்நாடு 1997இல் தனிச்சட்டம் கொண்டுவந்தது.

ஆனால் இந்தியாவில் சட்டத்தோடு நிற்காமல் இன்னொரு வேலையும் நடந்தது. காந்திநகர் ஐ.ஐ.டி. 2011இல் புதிய மாணவர்களுக்கு ஐந்து வார அடித்தள நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்கியது. அந்த ஐந்து வாரமும் வழக்கமான பாடம் கிடையாது. விளையாட்டு, நாடகம், ஊர்ப் பயணம், சமூக வேலை, பேராசிரியர்களோடு பேச்சு என்றே நாள் போகும். பின்னர் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு, பொறியியல் கல்லூரிகளுக்கு மூன்று வார அறிமுக நிகழ்ச்சியை விதித்தபோது இந்த அனுபவத்தையும் முன்னுதாரணமாக எடுத்துக்கொண்டது. எல்லாக் கல்லூரியும் அதை மனதார நடத்துகிறது என்று சொல்ல முடியாது. மூன்று வாரமும் மேடைப் பேச்சாகவே ஓடிய இடங்களும் இருக்கும். என்றாலும், முதல் வாரங்கள் நிர்வாகத்தின் பொறுப்பு என்பதை அங்கே எழுத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இதைவிடச் சுவையான கதை அமெரிக்காவின் தென் கரோலினாப் பல்கலைக்கழகத்துடையது. 1970 மே மாதம், வியட்நாம் போர் எதிர்ப்பின் சூட்டில், அங்கே மாணவர்கள் கிளர்ந்தெழுந்து நிர்வாகக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். பல்கலைக்கழகத் தலைவர் தோமஸ் ஜோன்ஸ் தன்னுடைய அறையிலேயே முற்றுகைக்குள் அகப்பட்டார். வேறொருவராக இருந்திருந்தால் மதிலை உயர்த்தியிருப்பார், காவலாளிகளைக் கூட்டியிருப்பார். ஜோன்ஸ் யோசித்தது, இந்தப் பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் நடுவில் ஏன் பேச்சே இல்லாமல் போனது என்று. 1972இல் ‘யூனிவர்சிட்டி 101’ என்ற பாடம் தொடங்கியது. சிறு சிறு வகுப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆசிரியர் அல்லது உத்தியோகத்தர், பின்னாளில் பல வகுப்புகளில் பயிற்சி பெற்ற ஒரு மூத்த மாணவரும். ஒரு வாரத்தில் முடிகிற விழாவாக இல்லாமல் முதல் தவணை முழுக்க ஓடுகிற பாடம். அரை நூற்றாண்டு தாண்டியும் அது நடக்கிறது. உலகத்தின் பல பல்கலைக்கழகங்கள் அதைப் பார்த்துத் தங்களுடையதை அமைத்துக்கொண்டன. சீனியரை அவர்கள் துரத்தவில்லை என்பது இங்கே முக்கியம். அவருக்குப் பயிற்சியும் பொறுப்பும் கொடுத்து வகுப்புக்குள் அழைத்து வந்தார்கள்.

ஒலுவிலுக்கு இது இன்னும் பொருந்தும். 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1996இல் முழுப் பல்கலைக்கழகமான இந்த நிறுவனத்துக்கு இன்று நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். குருநாகலிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்திறங்கும் சிங்கள மாணவிக்குக் கடைப் பலகைகள் படிக்கத் தெரியாது, வெள்ளிக்கிழமை மதியம் ஏன் கடைகள் மூடுகின்றன என்று தெரியாது, சோற்றுக்கடையில் என்ன கேட்பது என்றும் தெரியாது. பெரியநீலாவணைப் பிள்ளை றுகுணைக்கோ சப்ரகமுவவுக்கோ போனால் அவருக்கும் இதே கதி, மறுபக்கத்திலிருந்து. இரண்டு பேரையும் வரவேற்பு வாரத்தில் பக்கத்துப் பக்கத்துக் கதிரையில் இருத்தி மூன்று மணித்தியாலம் பேச்சுக் கேட்க வைப்பதால் ஒன்றும் ஆகாது. ஆளுக்கு ஆள் சோடி சேர்த்து, கல்முனைக் கடைத்தெருவுக்கு அனுப்பி, பஸ் ஏறி, சாமான் வாங்கி, சாப்பிட்டுவிட்டு வரச் சொன்னால் ஒரு பின்நேரத்தில் இருவருக்கும் இருபது சொல்லாவது புது மொழியில் வந்துவிடும். அதற்கு மண்டபமும் தேவையில்லை, பிரதம அதிதியும் தேவையில்லை.

பகிடிவதைக்காரர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் போவது சரியில்லை. எல்லோருக்கும் ஒரே உடுப்பு, ஒரே பட்டப்பெயர் முறை, இதனால் பணக்காரன் ஏழை வித்தியாசம் அழிகிறது என்கிறார்கள். அதில் துளி உண்மை உண்டு. கார் வீட்டுப் பிள்ளையும் தறி வீட்டுப் பிள்ளையும் ஒரே செருப்போடு நடப்பதில் ஏதோ ஒரு ஆறுதல் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்தச் சமத்துவம் முதலாம் வருடத்தாருக்குள் மட்டும்தான். அவர்களுக்கும் சீனியருக்கும் நடுவில் அது எட்டிப் பார்ப்பதில்லை. ஏழைப் பிள்ளைக்கு உண்மையில் உதவ வேண்டுமானால் மஹாபொலப் புலமைப்பரிசிலை நேரத்துக்குக் கொடுக்கலாம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அந்த உதவி 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்ந்தது நல்ல விஷயம். ஆனால் முதலாம் ஆண்டுக்காரரின் கையில் அது வந்து சேர மாதங்கள் ஆகும் வழக்கம் மாற வேண்டும். கைச்செலவுக்கு வழியில்லாத பிள்ளை கடன் கேட்டு நிற்பதும் அதே சீனியரிடம்தான்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். உயர்தரப் பரீட்சை எழுதியதிலிருந்து வளாகத்துக்குள் நுழையும்வரை நீண்ட மாதங்கள் காத்திருப்பிலேயே கழிகின்றன. அந்த இடைவெளியில் பல்கலைக்கழகத்திலிருந்து வருவது ஒரு கடிதம், சில படிவங்கள். அதற்கு முன்பே வாட்ஸப் குழு வந்துவிடுகிறது. கொரோனாக் காலத்தில் வளாகங்கள் பூட்டிக் கிடந்தபோதும் பகிடிவதை ஓயவில்லை, தொலைபேசிக்குள் புகுந்துகொண்டது. ஆகவே வரவேற்பு வாரத்தைத் திருத்துகிறவர்கள் அந்த வாரத்துக்கு வெகு முன்னதாகவே தொடங்கியாக வேண்டும்.

கல்முனைப் பக்கத்தில் அதற்கு வசதி இருக்கிறது. சாஹிராக் கல்லூரி, கார்மேல் பாத்திமா, மஹ்மூத் மகளிர் கல்லூரி, மருதமுனை அல்மனார் என்று ஆண்டுதோறும் பல்கலைக்கழகத்துக்குப் பிள்ளைகளை அனுப்பும் பாடசாலைகள் சில மைல்களுக்குள் நிற்கின்றன. வெட்டுப்புள்ளி வெளியான அடுத்த மாதமே ஒரு சனிக்கிழமை, ஒரு பாடசாலை மண்டபத்தில், ஒலுவிலும் வந்தாறுமூலையும் சேர்ந்து பெற்றோரையும் பிள்ளைகளையும் கூப்பிடலாம். உரைகள் வேண்டாம். விடுதிப் பொறுப்பாளர் ஒருவர், மாணவர் ஆலோசகர் ஒருவர், ஊர்க் காக்காமாரும் அக்காமாருமாக இரண்டாம், மூன்றாம் வருடத்து மாணவர்கள் பத்துப் பேர் வந்தால் போதும். விடுதிக்கு என்ன கொண்டுவர வேண்டும், மஹாபொலப் படிவத்தில் எங்கே பிழை விடுகிறார்கள், இரவு பதினொரு மணிக்குப் பிரச்சினை வந்தால் எந்த எண்ணுக்கு எடுப்பது, எடுத்தால் யார் பேசுவார் என்பதை அங்கே நேரில் சொல்லிவிடலாம். அந்தப் பத்துப் பேருக்கும் முன்கூட்டியே இரண்டு நாள் பயிற்சியும், பஸ் காசும், முடிந்தால் ஒரு சிறு கொடுப்பனவும் கொடுக்கவேண்டிவரும். தொலைபேசி எண்ணை எடுப்பவர் யார் என்பதை இரண்டு நிர்வாகங்களும் பெயர் குறித்து இப்போதே தீர்மானித்தால், அடுத்த தொகுதி வரும்போது அந்தப் பெயரைப் படிவத்திலேயே அச்சடித்து அனுப்பலாம்.