கன்னத்துச் சிவப்புக்குக் கடைக் களிம்பா?

மும்பையில் நம்மவர் வீடுகளில் ஒரு பெண்ணின் கன்னம் சிவந்து தடித்தால் நடப்பது தெரிந்ததுதான். முதலில் மருந்துக் கடைக்காரர் எடுத்துத் தரும் களிம்பு. கேட்காவிட்டால், அக்கி என்று லீவு போட்டு ஊருக்குப் போய்க் காவி எழுதி வருகிறோம். தொழுநோயோ என்று அக்கம்பக்கத்தார் முணுமுணுத்தால் பெண்ணை வெளியே அனுப்புவதும் நின்றுவிடும். இதற்குள் ஆறு மாதம் ஓடிவிடுகிறது.

அந்தச் சிவப்பு லூபஸ் என்ற நோயாகவும் இருக்கலாம். அது ஒட்டிக்கொள்ளும் வியாதியல்ல. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குவதால் வருவது. நோயாளிகள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள்; அதிலும் இளவயதினரே அதிகம். இரு கன்னத்திலும் மூக்குத் தண்டின் மேலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் சிவப்பு படரும். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பில் இராது. வெயில் பட்டால் கூடும். படர்தாமரை என்றால் வளையமாகப் படர்ந்து அரிக்கும்; தொழுநோய்த் தேமலில் பெரும்பாலும் உணர்ச்சி மங்கியிருக்கும். சிவப்போடு மூட்டு வலி, முடி உதிர்தல், வாய்ப்புண், விடாத காய்ச்சல் சேர்ந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கடைக் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் இவற்றை விற்கக் கூடாதென்று 2018-இல் மத்திய அரசு உத்தரவிட்டும், கேட்டவுடன் எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. களிம்பு முகத்துச் சிவப்பை மறைக்கும். சிறுநீரகத்தில் நடக்கும் சேதத்தை நிறுத்தாது. முகம் தெளிந்ததென்று நிம்மதியாக இருக்கும்போதே கால் வீங்கும், சிறுநீர் நுரைக்கும். ஆகவே தோல் டாக்டரிடம் போனால், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள். ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையும் உண்டு. சயான், கே.இ.எம். போன்ற மாநகராட்சி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைத்துப் பயனென்ன?

மலேரியாவுக்கென்று வந்த ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரைதான் இதற்கு முக்கிய மருந்து; நெடுநாள் சாப்பிடுகிறவர்கள் கண்ணைச் சோதித்துக்கொள்ள வேண்டும். குடையும் முழுக்கைச் சட்டையும் அவசியம். ரயிலில் வெயில் விழும் ஜன்னலோர இடம் வேண்டாம்.

பெண் பார்க்க வருகிறார்கள் என்று மாத்திரையை ஒளிப்பதும் நிறுத்துவதும் பெரிய தவறு. மாப்பிள்ளை வீட்டாரிடம் சொல்லிவிடுவதே நல்லது. நோய் ஆறு மாதமாவது அடங்கியிருக்கும்போது, டாக்டரைக் கலந்துகொண்டு கருத்தரித்து, நல்லபடியாகப் பிள்ளை பெற்றவர்கள் அநேகர்.