பையில எழுதின மரமும் பைக்குள்ள இருக்கிற மரமும்

முதல்லயே சொல்லிடறேன், இது அசைவப் பதிவு. சைவ மக்கள் கோழின்னு வர்ற இடத்துல எல்லாம் பனீர்னு போட்டுப் படிச்சுக்கோங்க. வாதம் ஒண்ணும் மாறாது.

நான் குப்பை கொட்டுறது டெக்சாஸ்ல, டல்லாஸ் பக்கம். இங்க நம்ம பசங்க நாலு பேர் சேர்ந்தா விசா, கிரீன்கார்டு, வீட்டு லோன் இந்த மூணையும் விட்டா பேச்சு இருக்காது. இப்போ நாலாவதா பெல்லட் கிரில் சேர்ந்திருக்கு. எங்க வாட்ஸ்அப் குரூப்ல புதுசா கிரில் வாங்கின ஒரு தம்பி, "அண்ணா, விலை கம்மியா நல்ல பெல்லட் எது?"ன்னு கேட்டான். நியாயமான கேள்விதானே? வந்த பதில்களைப் பாருங்க. "கிரிலுக்கு ஆயிரம் டாலர் அழுதுட்டு பெல்லட்டுக்கு கணக்கு பாக்குறியா?" "வேற கம்பெனி பெல்லட் போட்டா வாரண்டி காலி தம்பி." "விலைக்கேத்த புகை." தம்பி அதுக்கப்புறம் வாயே திறக்கலை.

ஊருக்கு மாசாமாசம் பணம் அனுப்பிட்டு மிச்சத்துல குடும்பம் நடத்துற பையன், விலை கேட்டதுக்காக வெக்கப்படணுமா? எனக்கு இதுதான் பத்திக்கிட்டு வந்தது. அதனால அந்த மூணு பதிலையும் ஒண்ணொண்ணா உரிச்சுடலாம்னு இருக்கேன்.

அதுக்கு முன்னாடி ஊர்ல இருக்கிற மக்களுக்கு ரெண்டு வரி. பெல்லட்ங்கிறது மரத்தூளைக் காயவெச்சு, அழுத்தி, சின்னச் சின்னக் குச்சியா ஆக்கினது. மாட்டுத் தீவனம் குச்சி குச்சியா வருமே, அதே தொழில்நுட்பம்தான். மொத்தம் சுமார் 6 மில்லிமீட்டர் இருக்கும். பசை எதுவும் தேவையில்லை. அழுத்தும்போது வர்ற சூட்டுல மரத்துக்குள்ளயே இருக்கிற லிக்னின் இளகி, அதுவே ஒட்டிக்கும். கிரில்ல ஒரு பக்கம் இதைக் கொட்டுற தொட்டி. அதுக்கு அடியில சுத்துற திருகு, பெல்லட்டைக் கொஞ்சம் கொஞ்சமா ஒரு சின்ன எரிகிண்ணத்துல தள்ளும். ஃபேன் காத்து ஊதும். வெப்பத்தைப் பாத்துப் பாத்து வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு கன்ட்ரோலர். விறகடுப்பு மாதிரி ஊதுகுழலோட பக்கத்துலயே உக்காந்திருக்க வேண்டாம். பொட்டி தட்டுறவனுக்கு ஏத்த அடுப்பு.

இதைக் கொண்டுவந்தவர் ஆரிகன் மாநிலத்துக்காரர் ஜோ டிரேகர். வீட்டைச் சூடாக்குற அடுப்பு வியாபாரம் பண்ணின குடும்பம். 1986-ல் காப்புரிமை வாங்கினார். 2006 வாக்குல அது முடிஞ்சதும் ஆளாளுக்கு கிரில் செய்ய ஆரம்பிச்சாங்க. கிரில்லுக்குப் போட்டி வந்தாச்சு. ஒரு கிரிலை ஒரு தடவைதான் விக்கலாம், ஆனா பெல்லட்டை ஆயுசுக்கும் விக்கலாம். பிரிண்டரும் இங்க்கும் ஞாபகம் வருதா? வரணும்.

சரி, மேட்டருக்கு வருவோம்.

1. "வாரண்டி காலி"

சுத்தப் பூச்சாண்டி. அமெரிக்காவுல மேக்னுசன்-மாஸ் வாரண்டி சட்டம்னு ஒண்ணு 1975-ல இருந்து இருக்கு. எங்க பிராண்டு சாமானையே போட்டாத்தான் வாரண்டின்னு ஒரு கம்பெனி நிபந்தனை வெக்க முடியாது. அப்படி வெக்கணும்னா அந்தச் சாமானை இலவசமாக் கொடுக்கணும், இல்லை ஃபெடரல் டிரேட் கமிஷன்கிட்ட தனியா அனுமதி வாங்கணும். நீங்க போட்ட பெல்லட்டாலதான் குறிப்பிட்ட பழுது வந்ததுன்னா அந்தப் பழுதுக்கு மட்டும் கையை விரிக்கலாம். அவ்ளோதான். 2022-ல் இதே கமிஷன், கிரில் செய்யற வெபர் கம்பெனி மேலயே நடவடிக்கை எடுத்துச்சு. அங்க பிரச்சினை பெல்லட் இல்லை, வெளி ஆள் செஞ்ச உதிரி பாகம் போட்டா வாரண்டி செல்லாதுன்னு சொன்னது. ஆனா சட்டம் ஒண்ணுதான். நாப்பது பக்கம் விசா ஃபாரத்தை வரி விடாமப் படிக்கிற நம்மாளு, வாரண்டி சீட்டுன்னதும் ஏன் பயந்து சாகுறார்னு தெரியலை.

2. "ஹிக்கரின்னா ஹிக்கரி, ஆப்பிள்னா ஆப்பிள்"

இங்கதான் உண்மையான கூத்து. பெல்லட்டுக்கு மூலப்பொருள் பெரும்பாலும் மர அறுப்பு மில்லுலயும், தரைப்பலகை, நாற்காலி மேசை செய்யற இடத்துலயும் விழுற தூள்தான். அங்க என்ன மரம் நிறைய அறுபடுதோ அந்தத் தூள்தான் மலிவாக் கிடைக்கும். கிழக்குப் பக்கம் ஓக், மேப்பிள். வடமேற்குப் பக்கம் ஆல்டர். ஆப்பிள் மரத்தை யாராவது லாரி லாரியா மில்லுக்கு ஓட்டறாங்களா? கோணல்மாணலா வளர்ற மெஸ்கீட்டை எவ்வளவு அறுப்பாங்க?

அப்போ கடை அலமாரி பூரா ஆப்பிள், மெஸ்கீட்னு பை நிக்குதே, எப்படி? அடிப்படை மரம் ஓக் அல்லது ஆல்டர். பேர்ல இருக்கிற மரம் அதுல ஒரு பங்கு. சில சரக்குல அந்தப் பங்கும் இல்லாம வாசனை எண்ணெய். 2019-ல் இங்க பெரிய கிரில் கம்பெனி ஒண்ணு மேல வாடிக்கையாளர் வழக்கே போட்டாங்க, பையில மெஸ்கீட்னு போட்டுட்டு உள்ள வேற மரமும் எண்ணெயும்னு குற்றம் சாட்டி.

பையைத் திருப்பிப் பாருங்க. "100 சதவீதம் ஹிக்கரி" ஒரு ரகம். "ஹிக்கரி பிளெண்ட்" இன்னொரு ரகம். வெறும் "ஹிக்கரி", பக்கத்துல ஒரு மரப் படம், கீழ "100 சதவீதம் இயற்கையான கடின மரம்". இந்த மூணாவதுதான் கில்லாடி வேலை. நூறு சதவீதம் கடின மரம்தான், எந்த மரம்னு சொல்லவே இல்லையே! மாம்பழ ஜூசுக்கும் மாம்பழ பானத்துக்கும் வித்தியாசம் தெரிஞ்ச நாமளே இதுல விழுறோம்.

ஒண்ணைத் தெளிவாச் சொல்லிடறேன். ஓக் கலப்பு தப்பே இல்லை. ஓக் அருமையா, சீரா எரியும். கலந்ததை மறைச்சு ஆப்பிள் விலை வாங்குறதுதான் தப்பு.

இதுல நமக்கு ஒரு குடும்பச் சிரிப்பும் இருக்கு. மெஸ்கீட் யாரு தெரியுமா? ராமநாதபுரம் பக்கம் மூட்டம் போட்டுக் கரியாக்குற சீமைக் கருவேலத்தோட பங்காளி. ஊர்ல வெட்டி ஒழிக்கணும்னு கோர்ட்டு வரைக்கும் போன மரத்தோட சொந்தக்காரனுக்கு இங்க பளபளா பை, டாலர்ல விலை. எங்க பாட்டி பாத்தா சிரிச்சே செத்திருக்கும்.

3. "விலைக்கேத்த புகை"

புகைங்கிறது அரைகுறையா எரியறதுதான். பெல்லட் கிரில் என்ன பண்ணுது? சின்னக் கிண்ணம், காய்ஞ்ச தூள், பின்னாடி ஃபேன். முடிஞ்ச வரைக்கும் முழுசா எரிக்குது. அதனாலதான் பெரிய விறகுக்கட்டை போட்டு எரிக்கிற புகையடுப்பை விட இதுல புகை வாசனை எப்பவும் மட்டாத்தான் இருக்கும். 180-ல இருந்து 225 டிகிரி ஃபாரன்ஹீட்ல ஓரளவு புகை. 400-க்கு ஏத்திட்டீங்கன்னா கிட்டத்தட்ட ஓவன்தான். அங்க நீங்க செர்ரி போட்டாலும் ஒண்ணுதான், ஓக் போட்டாலும் ஒண்ணுதான்.

வாசனைக்குக் காரணமான குவாயகால், சிரிங்கால் ரெண்டும் லிக்னின் சிதையறப்போ வர்றது. லிக்னின் எல்லாக் கடின மரத்துலயும் இருக்கு. மரத்துக்கு மரம் வித்தியாசம் இல்லவே இல்லைன்னு சொல்ல வரலை. ஆனா ஏற்கெனவே மெலிசான புகையில, பையில பாதிதான் அந்த மரம், அதுக்கு மேல நம்மாளு கோழியில பூண்டு, மிளகு, காஞ்ச மிளகாய், கரம் மசாலா எல்லாம் அப்பி வெச்சிருக்கார். இதுக்குள்ள ஆப்பிள் வாசனையைத் தேடுறது திருவிழாக் கூட்டத்துல ஊசியைத் தேடுற கதை.

நம்ப மாட்டேன்னா சோதனை பண்ணுங்க. ஒரே மசாலா, ஒரே வெப்பம், ரெண்டு பிராண்டு பெல்லட். ஒண்ணுல ரெண்டு துண்டு, இன்னொண்ணுல ஒரு துண்டு. தங்கமணியை விட்டு மூணு தட்டுல நம்பர் போடச் சொல்லுங்க. எந்தத் துண்டு தனின்னு கண்டுபிடிக்கணும். குருட்டாம்போக்குல சொன்னாலே மூணுல ஒரு வாட்டி சரியா வரும், அதனால ஒரு தடவை ஜெயிச்சுட்டு மீசையை முறுக்கக் கூடாது. பத்துப் பன்னிரண்டு தடவை பண்ணுங்க. அப்புறம் வந்து விலைக்கேத்த புகைன்னு பேசுங்க, கேட்டுக்கறேன்.

இப்போ கணக்கு. எங்க பக்கத்துக் கடையில 20 பவுண்டு பை ஒண்ணு 20 டாலர். அதே அலமாரியில கீழ்த்தட்டுல 40 பவுண்டு ஓக் கலப்புப் பை, அதுவும் 20 டாலர். பவுண்டுக்கு ஒரு டாலர், பவுண்டுக்கு அரை டாலர். குறைஞ்ச சூட்டுல மணிக்கு ஒண்ணு, ஒண்ணரை பவுண்டு எரியும், அதிக சூட்டுல ரெண்டு மூணுகூடப் போகும். வாரத்துக்குப் பத்து பவுண்டு எரிக்கிற ஆளுக்கு வருசத்துக்கு ஐநூறு பவுண்டுக்கு மேல. வித்தியாசம் 250 டாலர். அது பேருக்குக் கொடுக்கிற காசு.

இப்போ எதிர்ப்பக்கத்து ஆளுங்களுக்கு. நம்ம கூட்டத்துல கஞ்ச மகா பிரபுக்களும் உண்டு. "குளிர்காலத்துல வீட்டைச் சூடாக்குற அடுப்பு பெல்லட் இன்னும் மலிவாச்சே"ன்னு கிளம்பிடுவாங்க. வேணாம் சாமி. விளக்கேத்துற எண்ணெய் மலிவுன்னு அதுல வடை சுடுவீங்களா? அதுல பைன், ஃபர் மாதிரி பிசின் மரம் வரும். எங்கிருந்து வந்த தூள், அதுல என்ன ஒட்டியிருந்துச்சுன்னு சாப்பாட்டை நெனச்சு யாரும் பாத்திருக்க மாட்டாங்க. சிக்கனம் வேற, வயித்தோட விளையாடுறது வேற.

ஆனா இதுலயே ஒரு கொடுமையைக் கவனிங்க. அந்த அடுப்பு பெல்லட்டுக்கு இங்க பெல்லட் ஃப்யூயல்ஸ் இன்ஸ்டிட்யூட்னு ஒரு அமைப்பு தரக்கணக்கு வெச்சிருக்கு. முதல் தரம்னா ஈரம் 8 சதவீதத்துக்குள்ள, சாம்பல் 1 சதவீதத்துக்குள்ள, தூள் 0.5 சதவீதத்துக்குள்ள. வீட்டைச் சூடாக்குற சரக்குக்கு இவ்வளவு கணக்கு. சோத்துல புகை ஏத்துற சரக்கு வர்ற பையில பெரும்பாலும் என்ன இருக்கு? சூரிய அஸ்தமனப் படம்.

அப்போ எதைப் பாத்து வாங்கறது? ஈரம், தூள், மரக் கணக்கு, இந்த மூணுதான். குச்சியை ஒடிச்சா பட்டுன்னு ஒடியணும், மேல லேசா மினுமினுப்பு இருக்கணும். பை அடியில தூள் குவிஞ்சிருந்தா அப்படியே வெச்சுட்டு வந்துடுங்க. தூள்தான் திருகை அடைக்கும், தீயை அணைக்கும், வெப்பத்தை ஆட்டம் போட வைக்கும். ஈரம் பட்ட பெல்லட் ஊதி மறுபடி மரத்தூளாயிடும், அதனால நீங்க எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் மழைக்காத்துல திறந்து போட்டா குப்பைதான். மூடி போட்ட அஞ்சு காலன் வாளி போதும். மரத்தோட சதவீதத்தைப் பையில போட்டிருக்கிற கம்பெனி சின்னதா இருந்தாலும் அதுக்கு முன்னுரிமை கொடுங்க. முடிஞ்சா பக்கத்து மாநிலத்துல செஞ்சதா பாருங்க. பெல்லட் கனமான சரக்கு, தூரத்துல இருந்து வந்தா நீங்க லாரி வாடகைக்குத்தான் காசு கொடுக்கறீங்க.

"அப்போ பாரம்பரியம்?"னு ஒருத்தர் கேப்பார். பாரம்பரியமே இதுதான் அண்ணே! மத்திய டெக்சாஸ்ல போஸ்ட் ஓக் ஏன் எரிச்சாங்க? அங்க அதுதான் முளைச்சு நின்னுச்சு. வடமேற்குல சால்மன் மீனுக்கு ஆல்டர் ஏன்? அதே காரணம். எந்தக் கறிக்கடைக்காரனும் ரெண்டாயிரம் மைல் தாண்டி விறகு வரவழைக்கலை. நம்ம ஊர்லயும் புளியும் வேலிக்கருவையும் எரிச்சது வாசனை ஆராய்ச்சி பண்ணியா? கையில கிடைச்ச காய்ஞ்ச விறகு, அவ்ளோதான்.

கோடு எழுதிப் பொழைக்கிறவன்ங்கிற முறையில எனக்கு ஒரு பயமும் உண்டு. 2014-ல் கியூரிக் கம்பெனி, மத்த கம்பெனி காப்பிக் கப்பைப் போட்டா வேலை செய்யாத மெஷினை விட்டாங்க. ஜனங்க வாங்காம காறித் துப்பினதும் அடுத்த வருசமே இறங்கி வந்து, நம்ம காப்பித்தூளையே போட்டுக்கிற கப்பைத் திருப்பிக் கொண்டுவந்தாங்க. இன்னைக்கு கிரில்லயும் வைஃபை இருக்கு, ஆப் இருக்கு, கன்ட்ரோலர்ல சாஃப்ட்வேர் இருக்கு. எங்க பையை ஸ்கேன் பண்ணினாத்தான் பத்தும்னு எழுத நாலு வரி கோடு போதும். அந்த நாலு வரியை எழுதச் சொல்லி ஒரு நாள் டிக்கெட் வந்தா, அதை எழுதப் போறது நம்மள்ல ஒருத்தன்தான்.

அதுக்கு முன்னாடி நாம செய்ய வேண்டியது சின்ன வேலைதான். பையைத் திருப்பிப் பாருங்க. எந்த மரம் எத்தனை சதவீதம்னு இல்லைன்னா அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் தட்டிக் கேளுங்க. பதில் வரலைன்னா அடுத்த பையை எடுங்க. முக்கியமா, யாராவது விலை கம்மியா எதுன்னு கேட்டா விலையைச் சொல்லுங்கப்பா, அவன் தகுதியை விசாரிக்காதீங்க.

டிஸ்கி: எந்த பெல்லட் கம்பெனியும் எனக்கு அஞ்சு பைசா தரலை. இந்தப் பதிவுக்கு அப்புறம் தரவும் மாட்டாங்க :-)