பெயர் யாழ்ப்பாணம், ஆடுகளம் எங்கே?

லங்கா பிரிமியர் லீக் கிண்ணத்தை யாழ்ப்பாணத்தின் பெயர் பூண்ட அணி 2020, 2021, 2022, 2024 ஆகிய 4 ஆண்டுகளில் வென்றது. அம்பாந்தோட்டையிலும் கொழும்பிலும் பல்லேகலையிலும் தம்புள்ளையிலும் பந்து உருண்டது. யாழ்ப்பாண மண்ணில் ஒரு பந்தேனும் வீசப்படவில்லை. 2022 இல் துடுப்பாட்டச் சபை நடத்திய நான்கு நாள் தேசிய லீக்கிலும் யாழ்ப்பாணம் என்றொரு அணி இருந்தது. பெயரை இரவல் கொடுக்கும் பெருந்தன்மை நமக்கு உண்டு. இரவல் வாங்கியோர் திருப்பித் தந்தது என்ன என்று கேட்கும் துணிவுதான் இல்லை.

அவ்வணிகளில் ஆடிய சிங்கள இளைஞர் மீது நமக்கு எள்ளளவும் பகையில்லை. அவர்கள் தம் திறமையால் ஆடினர்; வென்றனர். நம் வழக்கு அவர்களோடன்று. பெயரைக் கண்டு மகிழ்ந்து, பொருளைக் கேளாது விட்ட நம்மவரோடும், பெயரைக் கொடுத்தாற் போதும், வடபுலத்தார் வாய் மூடுவர் எனக் கணக்கிட்ட பெரியவர்களோடுமே நம் வழக்கு.

ஒரு கழகத்தின் கிண்ணப் போட்டி நம் ஊரில் எவ்வாறு நடைபெறுகின்றது? ஊரில் மறைந்த பெரியார் ஒருவரின் ஞாபகார்த்தக் கிண்ணம், பெரும்பாலும் மென்பந்து. கடினப்பந்து எனின் சீமெந்துத் தளத்தின் மேல் விரிப்பு. காலையில் தோட்டத்துக்கு நீர் இறைத்து முடித்தவன் பத்து மணிக்குப் பந்து வீச வருகிறான். மத்தியஸ்தர் உள்ளூர் ஆசிரியர். எல்லைக் கோடு சுண்ணாம்புத் தூள். தேநீரும் பணிசும் கழகச் செலவு. அச்செலவு வெளிநாட்டில் வாழும் பழைய உறுப்பினர் எவரோ அனுப்பியது. மாலையில் பரிசளிப்பு. அப்போதுதான் நம் பிரதிநிதி எழுந்தருளுகின்றார்! ஆட்டத்தில் ஓர் ஓவரேனும் பார்த்தறியாதவர் அரை மணி நேரம் பேசுகின்றார். மாலை ஏற்று, கிண்ணத்தைக் கையளித்து, படம் பிடிப்பித்து அகல்கின்றார். அக்கழகம் ஆடிய நிலம் யாருடையது என்று அவர் கேட்டதுண்டா?

கேட்டிருந்தால் விடை அவரைத் திடுக்கிடச் செய்திருக்கும். நம் கழகங்கள் பலவற்றின் மைதானத்துக்கு உறுதி இல்லை. சில கோயிற் காணி. சில அரச காணி. சில வெளிநாடு சென்றுவிட்ட ஒருவரின் தரிசு. சில அறுவடை முடிந்த வயல். “முப்பது வருடமாக நாங்கள்தானே விளையாடுகிறோம், இனி யார் எழுப்புவது?” என்று கழகத்தார் நெஞ்சு நிமிர்த்துகின்றனர். சட்டம் அறிந்தோர் என்ற முறையில் நாம் கூறக் கடமைப்பட்டது இது. 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ்ப் பத்தாண்டு ஆட்சியால் உரிமை பெற வேண்டுமாயின், அவ்வாட்சி உரியவனுக்கு எதிரானதாக, தடையின்றித் தொடர்ந்ததாக இருத்தல் வேண்டும். உரியவன் மனமுவந்து விட்ட நிலத்தில் பத்தாண்டன்று, ஐம்பதாண்டு ஆடினும் உரிமை பிறவாது. அரச காணிக்கு எதிராகவோ அச்சட்டம் கைகொடுக்கவே மாட்டாது. நாளைக்கு ஒரு திணைக்களம் அவ்விடத்தில் கம்பி வேலி இட்டால், கழகச் செயலாளரின் கையில் எஞ்சுவது பழைய கிண்ணங்கள் மட்டுமே.

இதே சட்டத்தை அறியாமையால் மறுபுறத்தில் ஓர் அச்சமும் உலவுகின்றது. “பொடியளை விளையாட விட்டால் காணி போய்விடும்” என்று கமக்காரர் அஞ்சுகின்றனர். பனை மட்டையால் வரிச்சு வேலி கட்டி அடைக்கின்றனர். அந்த அச்சம் வேண்டியதில்லை. ஆண்டுதோறும் அனுமதி பெற்று ஆடுவதாகக் கழகம் எழுதிக் கையொப்பமிட்ட கடிதம் ஒன்று உரியவரின் பெட்டியில் இருக்குமாயின், அவர் காணி அவரிடமே இருக்கும், பிள்ளைகளும் ஆடலாம். நீண்டகாலக் குத்தகையாயின் நொத்தாரிசு முன் முறைப்படி எழுதிப் பதிவு செய்தல் வேண்டும். ஒரு நில அளவையாளர், ஒரு நொத்தாரிசு, ஒரு கணக்காளர் ஆகிய மூவரும் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமையை ஈந்தால் ஒரு தொகுதியிலுள்ள கழகங்களின் காணிச் சிக்கலிற் பாதி தீரும். கொழும்பிலும் கடல் கடந்தும் உயர்ந்த நிலையிலிருக்கும் நம் உத்தியோகத்தர் இதனைச் செவிமடுப்பாராக.

அவர்களின் முன்னோர் செய்தது என்ன? 1899 இல் கொழும்பில் தமிழ் யூனியன் கழகம் தோன்றியது. அதே ஆண்டில் சிங்களவர் விளையாட்டுக் கழகமும் தோன்றியது. தமிழ் யூனியனார் தமக்கென மைதானம் ஒன்றை ஆக்கினர். சிவில் சேவையாளராயிருந்த பாக்கியசோதி சரவணமுத்துவின் பெயரை அம்மைதானம் இன்று தாங்குகின்றது. 1948 இல் பிரட்மனின் அவுஸ்திரேலிய அணி அங்கு ஆடியது. இலங்கையணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவ சதாசிவம். (அன்று 22 யார் இருக்கவேண்டிய ஆடுகளம் 20 யாராகவே அளக்கப்பட்டிருந்ததை விருந்தினரே கண்டுபிடித்தனர். நம் நாட்டில் அளவு குறைவது புதிதன்று போலும்!) 1982 பெப்ரவரி 17 இல் இலங்கையின் முதலாவது ரெஸ்ற் ஆட்டம் தொடங்கியதும் அங்கேயே. 800 விக்கற் வீழ்த்திய முரளிதரனும் அக்கழகத்தவரே. பெருமைதான், மறுக்கவில்லை. ஆயினும் பொரளையில் உள்ள ஒரு மைதானம் புங்குடுதீவுச் சிறுவனுக்கும் முழங்காவிற் சிறுவனுக்கும் என்ன செய்யும்?

வடக்கின் பெரும் போர் என அழைக்கப்படும் யாழ். மத்திய கல்லூரி, சென். ஜோன்ஸ் கல்லூரி ஆட்டம் 1904 இல் தொடங்கியது. நூறாண்டுக்கு மேற்பட்ட பழக்கமுடைய மண்ணிலிருந்து ஒரு கழகமேனும் நாட்டின் முதல்தரக் கழகப் போட்டியில் இடம்பெறவில்லை. மத்திய கல்லூரி மாணவன் வியாஸ்காந்த் 2023 இல் இலங்கையணியில் ஆடியபோது யாவரும் கொண்டாடினோம். அவரும் கழக ஆட்டத்துக்குக் கொழும்பு செல்ல வேண்டியிருந்தது என்பதை எவரும் எழுதவில்லை. திறமையுள்ளவன் 400 கிலோமீற்றர் கடந்து, அறை வாடகை கொடுத்து, மொழி தெரியாது விழித்து நின்றே தேறல் வேண்டும் என்பது போட்டியா, தண்டனையா?

2023 நவம்பரில் அமைச்சர் துடுப்பாட்டச் சபையைக் கலைத்தார்; நீதிமன்றம் தடுத்தது; பாராளுமன்றம் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது; சர்வதேச சபை இலங்கையை இடைநிறுத்தி, 2024 ஜனவரியில் தடையை நீக்கியது. அத்தனை ஆரவாரத்திலும், சபையை ஆக்கும் கழகங்களில் மிகப்பெரும்பாலானவை ஏன் கொழும்பையும் அதன் அயலையும் சேர்ந்தவை என்ற கேள்வியை இரு தரப்பும் பெரிதாக எழுப்பவில்லை. மொனராகலைச் சிங்களச் சிறுவனும் இக்கேள்வியில் நம் பங்காளியே என்பதை நாம் மறவோம்.

2025 செப்ரெம்பரில் மண்டைதீவில் சர்வதேச மைதானத்துக்கு வேலை தொடக்கிவைக்கப்பட்டது. இதோ கிடைத்துவிட்டது என்று சிலர் ஆர்ப்பரிக்கின்றனர். மேடை கட்டிவிட்டால் நடிகர் தாமே முளைப்பரோ? ஊர்தோறும் புற்றரை ஆடுகளம் இல்லாது, சீமெந்தில் எழும் பந்தையே ஆடிப் பழகிய இளைஞன், அங்கே பார்வையாளர் வரிசையில் சீட்டு வாங்கி அமர்வான், அவ்வளவே.

இன்னொரு சாரார், “காணியும் நீதியும் கேட்டு நிற்கும் இனத்துக்குப் பந்து விளையாட்டு ஒரு கேடா?” என்கின்றனர். அவர்தம் நேர்மையை மதிக்கின்றோம். வலிகாமம் வடக்கில் 1990 முதல் இழந்த நிலத்தில் வீடும் தோட்டமும் மட்டுமா இருந்தன? பிள்ளைகள் ஓடிய வெளிகளும் இருந்தன. மைதானம் கேட்பதும் காணி கேட்பதேயாம்.

ஆகவே நம் பிரதிநிதிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கிண்ணப் போட்டிக்கு அழைப்பு வந்தால், மாலையோடு வரும் ஐயா, பிரதேச செயலாளரிடம் அம்மைதானத்தின் காணி விபரத்தை எழுத்தில் கேட்டுப் பெற்ற கடிதத்தோடு வாருங்கள். யாழ். மாவட்டக் கழகப் போட்டியில் வெல்லும் அணிக்குச் சபையின் அடுத்த தரப் போட்டியில் இடம் வேண்டும் என எழுதிய கோரிக்கையின் பிரதியும் உடனிருக்கட்டும். இரண்டும் கையிலில்லாதவருக்கு மேடையில் நாற்காலி வைப்பதில்லை என்று கழகங்கள் தத்தம் பொதுக்கூட்டத்தில் தீர்மானித்து, அத்தீர்மானத்தை நம் அலுவலகத்துக்கு அனுப்புக, பெயரோடு வெளியிடுவோம்.