தூக்குக் கயிறு ஷரீஅத் ஆகுமா?

இலங்கையின் கிழக்குக் கரையில், திருகோணமலைக் குடாவின் தென்புறத்தே மூதூர் என்றோர் ஊர் உண்டு. தமிழ் பேசும் முஸ்லிம்கள் பெருந்தொகையினராய் வாழும் ஊர். அவ்வூர் ஏழைக் குடும்பமொன்றில் 1988ஆம் ஆண்டு பிறந்த ரிஸானா நபீக் என்னும் பெண், 2005 மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாக ஸவூதி அரேபியா சென்றாள். அவளுடைய கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டு 1982 என்றிருந்தது. பதினேழு வயதுச் சிறுமியை இருபத்து மூன்று வயதினளாக்கி அனுப்பிவிட்டனர். சென்ற சில வாரங்களுக்குள்ளேயே அவள் பொறுப்பில் விடப்பட்ட நான்கு மாதக் கைக்குழந்தை இறந்தது. புட்டிப்பால் புகட்டுகையில் குழந்தைக்கு மூச்சுத் திணறிற்று என்றாள் அவள். கழுத்தை நெரித்துக் கொன்றாள் என்றது வழக்கு.

அவளிடம் ஒப்புதல் வாக்குமூலம் பெறப்பட்டது. பெற்ற வேளையில் அவளுக்கென வழக்கறிஞர் எவரும் இலர். அவள் பேசிய தமிழை அரபியில் பெயர்த்தவர் அப்பணிக்குத் தகுதி பெற்றவரல்லர் எனப் பின்னர் மனித உரிமை அமைப்புகள் எடுத்துக்காட்டின. அச்சுறுத்திப் பெற்ற வாக்குமூலம் அது எனக் கூறி அவள் அதனை மறுத்தாள். எனினும் 2007ஆம் ஆண்டு தவாத்மி நகர நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. மேல் மன்றமும் அதனை உறுதி செய்தது. இலங்கை அரசு கருணை வேண்டிற்று. குழந்தையின் குடும்பத்தார் மன்னிக்க இசையவில்லை. 2013 ஜனவரி 9ஆம் நாள் அப்பெண்ணின் தலை வாளால் துண்டிக்கப்பட்டது.

குழந்தையைப் பறிகொடுத்த அத்தாயைப் பற்றி நாம் ஒரு சொல்லும் குறைவாகச் சொல்லத் துணியோம். பெற்ற வயிறு எரியும்போது புறத்தே நின்று மன்னிப்பின் மாண்பை ஓதுவது எளிது. நம் வழக்கு அத்தாயின் மீதன்று. குற்றம் நடந்த வேளையில் பதினெட்டு வயது நிரம்பாதோருக்கு மரண தண்டனை கூடாதென்னும் சிறுவர் உரிமை உடன்படிக்கையில் 1996ஆம் ஆண்டே இணைந்த அரசு அது. வழக்கறிஞரும் தகுந்த மொழிபெயர்ப்பாளரும் இன்றி ஓர் ஏழைச் சிறுமியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு, இறுதிச் சுமை முழுவதையும் துயருற்ற ஒரு குடும்பத்தின் தலைமேல் வைத்துவிட்டு அது விலகி நின்றது. அதன் மீதே நம் வழக்கு. இன்னொரு வழக்கும் உண்டு. அது நம்மவர் சிலர் மீது.

அந்நாளில் அவர்கள் சொன்னதென்ன? "இது ஷரீஅத் தீர்ப்பு, இதனைப் பற்றிப் பேசுவதே ஈமானுக்கு ஊறு" என்றனர். நம் நாட்டில் கொடிய குற்றமொன்று நிகழும்போதெல்லாம் "தூக்கில் போடு" என்று எழும் கூச்சலோடு தம் குரலையும் சேர்த்துக்கொண்டு, அதற்கும் மார்க்கத்தையே சான்றாக்குகின்றனர். மரண தண்டனையை எதிர்ப்பவர் மார்க்கத்தை எதிர்ப்பவர் ஆவரோ? ஆகார் என்பதே நம் துணிபு. அதனை விரித்துரைக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

திருமறை கிஸாஸை அனுமதித்துள்ளது. இதனை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது, நாம் மறைக்கவுமில்லை. ஆயின் அனுமதித்த அவ்வசனத்தை, அல்பகரா அத்தியாயத்தின் 178ஆம் வசனத்தை, பாதியோடு நிறுத்திக்கொள்வது எந்த நேர்மை? கொலையுண்டவனின் உரியோர் மன்னிக்க முன்வருவாராயின் நல்ல முறையில் ஈட்டுத்தொகை பெற்று அமைதியுறலாம் என்று அவ்வசனமே வழி திறக்கின்றது. அவ்விடத்தில் கொன்றவனையும் இழந்தவரையும் இணைத்துச் சுட்ட அது ஆளும் சொல் 'சகோதரர்' என்பதாகும். பகை கொதிக்கும் அவ்விடத்தில் அச்சொல்லை வைத்த இறைவனின் நோக்கம் என்னவென்று எண்ணிப் பார்க்க வேண்டாவா? அல்மாயிதாவின் 45ஆம் வசனம் பழியை விட்டுக்கொடுத்தலைத் தருமமாகவும் பாவப் பரிகாரமாகவும் கொள்கின்றது. அஷ்ஷூராவின் 40ஆம் வசனமோ மன்னித்தலையும் 'இஸ்லாஹ்' என்னும் சீர்செய்தலையும் அடுத்தடுத்து வைத்து, இரண்டையும் செய்தாருக்குக் கூலி அல்லாஹ்விடமே உண்டென அறிவிக்கின்றது.

கிஸாஸில் வாழ்வு உண்டெனக் கூறும் 179ஆம் வசனத்தை எடுத்துக்காட்டுவோரும் உளர். ஒரு தலைக்கு ஒரு கோத்திரத்தையே அழிக்கத் துணிந்த அறியாமைக் கால அரபியரிடம், கொன்றவனைத் தவிர வேறெவரையும் தொடாதே என்று வரம்பிட்டதே பல உயிர்களை வாழவைத்தது. கோபத்துக்கு இட்ட வேலியைக் கோபத்துக்குக் கொடுத்த உரிமைப் பத்திரமாக வாசிப்பது முறையாகுமா?

அண்ணலார் (ஸல்) அவர்களின் வாழ்வு இதற்குத் தெளிவான விளக்கமாகும். கிஸாஸ் வழக்கு எது தம் முன் வந்தாலும் அவர்கள் மன்னிப்பையே பரிந்துரைத்தார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. இறுதி ஹஜ்ஜின் பேருரையில் அறியாமைக் காலத்து இரத்தப் பழிகள் அனைத்தையும் தள்ளுபடி செய்த பெருமானார், முதற்கண் தள்ளியது தம் சொந்தக் குலத்துக்கு வரவேண்டியிருந்த பழியையேயாகும். உஹதில் தம் சிறிய தந்தை ஹம்ஸா (ரலி) அவர்களைக் கொன்ற வஹ்ஷி பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி வந்தபோது, அவர் உயிருக்கு ஊறு விளையவில்லை. சந்தேகம் தோன்றுமிடத்து ஹத்துத் தண்டனைகளைத் தவிர்க்க என்பது ஃபிக்ஹு நூலார் ஒப்பிய விதி. உயிர்ப்பழியிலும் சட்ட மேதைகள் அதனைப் போற்றினர். மூதூர்ப் பெண்ணின் வழக்கில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி எது என்று காட்டுவார் உளரோ?

நம் நாட்டுத் தூக்குமேடைக்கு ஷரீஅத்தைச் சான்றாக்குவோருக்கு ஒரு வரலாறு தெரிந்திருக்க வேண்டும். கிழக்கிந்தியக் கம்பெனியார் வங்காளத்தில் ஆட்சி கொண்ட தொடக்கத்தில், கொலை வழக்குகள் இஸ்லாமியச் சட்டத்தின்படியே நடந்தன. உரியோர் மன்னித்தால் கொன்றவனின் உயிர் தப்பும். இஃது ஆளவந்தாருக்குப் பொறுக்கவில்லை. 1790 முதல் கார்ன்வாலிஸ் பிரபு கொண்டுவந்த மாற்றங்களில் உரியோரின் மன்னிக்கும் உரிமை பறிக்கப்பட்டது. பின்னர் மெக்காலே வரைந்த வழியில் 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறிற்று. 2024 ஜூலை முதல் நாள் அதன் இடத்துக்கு வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவும் கொலைக்கு மரணத்தையோ ஆயுள் சிறையையோ விதிக்கின்றது. கொலையுண்டவனின் தாய் நீதிமன்றப் படியில் நின்று "மன்னித்தேன்" என்று கதறினாலும் அச்சொல்லால் வழக்கு முடியாது. மன்னிக்கும் அதிகாரம் குடியரசுத் தலைவருக்கும் ஆளுநருக்கும் உண்டு, தாய்க்கு இல்லை. மன்னிப்பின் வாசலை அடைத்து ஆங்கிலேயன் கட்டிய மேடைக்கு நாம் ஏன் ஷரீஅத்தின் பெயரைச் சூட்ட வேண்டும்?

அம்மேடையில் எவரெவர் ஏற்றப்படுகின்றனர் என்பதையும் நம் சமுதாயம் மறந்துவிடலாகாது. 2002ஆம் ஆண்டு குஜராத்தின் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் முஸ்லிம்கள் அறுவர் தண்டிக்கப்பட்டனர். அவர்களுள் மூவருக்கு மரண தண்டனை. 2014 மே 16ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அறுவரும் குற்றமற்றவர் என விடுவித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் கயிறு விரைந்திருந்தால், அத்தீர்ப்பை எந்தக் கப்ருக்குச் சென்று படித்துக் காட்டுவது?

இனி, மன்னிக்கத் துணிந்த ஒரு முஸ்லிமின் கதை. வங்காளதேசத்து விமானப் படையில் பணியாற்றிய ரயீஸ் புய்யான் அமெரிக்கா சென்று, டெக்ஸாஸ் மாநிலத்தின் டல்லஸ் நகரில் பெட்ரோல் நிலையக் கடையொன்றில் வேலை பார்த்துவந்தார். 2001 செப்டம்பர் 11 நிகழ்ச்சிக்குப் பழிவாங்கப் புறப்பட்ட மார்க் ஸ்ட்ரோமன் என்னும் வெள்ளையன், வகார் ஹஸன் என்ற பாகிஸ்தானியரைச் சுட்டுக் கொன்றான். செப்டம்பர் 21ஆம் நாள் புய்யானின் கடைக்குள் நுழைந்து, எந்த நாட்டினன் என்று கேட்டு, முகத்திலேயே சுட்டான். பின்னர் வாசுதேவ் படேல் என்ற இந்தியரையும் கொன்றான். படேல் முஸ்லிமும் அல்லர். வெறிக்கு முகம் பார்க்கத் தெரியுமா? புய்யான் உயிர் பிழைத்தார். வலக்கண் பார்வை போயிற்று. முகத்திலும் தலையிலும் ஈயக் குண்டுகள் தங்கிவிட்டன.

ஸ்ட்ரோமனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2009இல் தம் தாயுடன் ஹஜ் செய்து திரும்பிய புய்யான், தம்மைச் சுட்டவனின் உயிரைக் காக்கப் போராடத் தொடங்கினார். தம் மார்க்கம் தமக்குக் கற்பித்தது இதுவே என்று பகிரங்கமாகச் சொன்னார். அந்த மாநிலத்திலேயே பாதிக்கப்பட்டவரும் குற்றவாளியும் நடுவர் முன் சந்தித்துப் பேசும் ஏற்பாடு சட்டத்தில் உண்டு. அவ்வுரிமையைத் தமக்குத் தரும் வரையேனும் தண்டனையை நிறுத்துக என வழக்குத் தொடுத்தார். நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 2011 ஜூலை 20ஆம் நாள் விஷ ஊசியால் ஸ்ட்ரோமன் கொல்லப்பட்டான். அன்று தொலைபேசியில் சில கணங்கள் இருவரும் பேசிக்கொண்டனர். உலகில் வெறுப்பு ஓயவேண்டும் என்பதே அவ்வெறியனின் கடைசிப் பேச்சின் சாரமாயிற்று. பாதிக்கப்பட்டோருக்காகவே தண்டிக்கிறோம் என்று முழங்கும் அரசு, பாதிக்கப்பட்டவன் கைகூப்பி வேண்டாமென்றபோது ஏன் செவிசாய்க்கவில்லை? அவன் பெயரால் நடப்பது அவனுக்காக நடப்பதன்று என்பது அன்று வெளியாயிற்று.

தியத் என்னும் ஈட்டுத்தொகை பணக்காரனுக்குத் தப்பும் வழியாகிவிடாதா என்று கேட்பர். ஆகிவிடுவதுண்டு; ஆகியுமிருக்கின்றது. பாகிஸ்தானில் குடும்ப மானத்தின் பெயரால் பெண்ணைக் கொன்ற உடன்பிறந்தானைத் தந்தையே 'உரியவர்' என்ற முறையில் மன்னித்து வெளியே கொண்டுவரும் கொடுமை நடந்தது. 2016இல்தான் அந்நாட்டுப் பாராளுமன்றம், உரியோர் மன்னித்தாலும் அத்தகைய கொலைஞனுக்கு ஆயுள் சிறை உண்டெனச் சட்டம் திருத்திற்று. திருத்தியது சரியே. அச்சத்தாலும் பசியாலும் பெறப்படும் மன்னிப்பு மன்னிப்பாகாது. ஆதலின் கொலைஞனைச் சும்மா விட்டுவிடுக என்று நாம் சொல்லவில்லை. சிறை இருக்கட்டும், உயிரைப் பறிக்கும் அதிகாரம் மட்டும் அரசின் கையில் வேண்டாம். உயிருடன் இருப்பவனே தான் செய்ததற்கு முகங்கொடுக்க முடியும். உழைத்து ஈடு செய்ய முடியும்.

மறுசீரமைப்பு நீதி என இக்காலத்தார் வழங்குவது இதனையே. கனடா நாட்டின் எல்மிரா என்னும் சிற்றூரில் 1974ஆம் ஆண்டு இரு இளைஞர்கள் குடிவெறியில் இருபத்திரண்டு பேரின் உடைமைகளைச் சேதப்படுத்தினர். நன்னடத்தை அதிகாரி அவர்களை ஒவ்வொரு வீட்டுக் கதவையும் தட்டச் செய்தார். செய்த சேதத்துக்கு அவர்கள் ஈடும் கொடுத்தனர். உலகெங்கும் பேசப்படும் இம்முறையின் தொடக்கங்களுள் அதுவும் ஒன்று. உடைந்த கண்ணாடிக்குப் பொருந்துவது சிந்திய இரத்தத்துக்குப் பொருந்துமா என்பார்க்கு ஈரானைக் காட்டுவோம். 2014 ஏப்ரலில் அந்நாட்டின் நூர் நகரில், மகனைத் தெருச் சண்டையில் பறிகொடுத்த ஒரு தாய், கழுத்தில் கயிற்றோடு நின்ற கொலைஞனின் கன்னத்தில் ஓங்கி அறைந்தார். பின்னர்க் கணவரும் அவருமாகக் கயிற்றைக் கழற்றினர். அந்த அறையையும் மன்னிப்பின் ஒரு பகுதியாகவே நாம் கருதுகிறோம். மனத்தில் உள்ளதைக் கொன்றவனின் முகத்துக்கு நேரே கொட்ட இழந்தவருக்கு ஓர் இடம் வேண்டும். நம் நீதிமன்றங்களில் அவர் வெறும் சாட்சி. கேட்ட கேள்விக்கு மட்டும் விடை சொல்லி இறங்க வேண்டியவர்.

ஆங்கிலேயனையும் அரசையும் இவ்வளவு சாடிய நாம் நம் மஹல்லாவையும் கேட்டாக வேண்டும். கொலை நடந்த வீட்டுக்கு மூன்றாம் நாள் போகிறோம். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கும் போகிறோம். நாற்பத்தோராம் நாள் அவ்வீட்டுப் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தை விசாரித்த ஜமாஅத் எத்தனை? குற்ற வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடு வழங்க மாநிலங்கள் திட்டம் வகுக்க வேண்டும் என்ற சட்டம் 2009ஆம் ஆண்டின் இறுதியிலேயே நடைமுறைக்கு வந்தது. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம். இதனை அறிந்த விதவைகள் நம் தெருவில் எத்தனை பேர்? கொன்றவனின் மனைவியும் குழந்தைகளும் என்ன குற்றம் செய்தனர் என்று கேட்டு, அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நிக்காஹ் புத்தகத்தைத் தயங்காமல் அனுப்பிய நிர்வாகம் எது?

பைத்துல்மால் வைத்திருக்கும் ஜமாஅத்துகள் இரண்டு காரியங்களைக் கையில் எடுக்கலாம். இழந்த குடும்பத்துக்கு முதல் ஓராண்டு மாதந்தோறும் உதவியும், இழப்பீட்டு மனு எழுதித் தர ஒரு வழக்கறிஞரும் ஏற்பாடு செய்வது ஒன்று. வளைகுடாவுக்குப் புறப்படும் நம் பெண்களுக்கு, மொழிபெயர்ப்பாளரும் தூதரக அதிகாரியும் வரும்வரை எந்தத் தாளிலும் கையெழுத்திடாதே என்று பயணத்துக்கு முன்பே சொல்லிக் கொடுப்பது மற்றொன்று.